பச்சைத் துணிக்கு முன்னால் நின்றவர்கள்

ஷரிபுதீன் எப்படிப் பெரிய ஆளானான் என்று கல்முனைக்குடியில் யாரைக் கேட்டாலும் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். மூளை என்பார்கள், முயற்சி என்பார்கள், கொழும்பில் பிடித்த பெரிய மனிதர்கள் என்பார்கள். அவனுடைய பெண்சாதி ஸுஹைறாவைக் கேட்டிருந்தால் ஒரே வரியில் முடித்திருப்பாள். செத்துப்போன என் தம்பியின் கதிரையில் ஏறி உட்கார்ந்து பெரிய ஆளானான் என்றிருப்பாள். ஆனால் அவளை யாரும் கேட்கவில்லை. ஐந்து வருடம் அவளும் வாயைத் திறக்கவில்லை.

தம்பியின் பெயர் முஸ்தாக். இந்தப் பக்கத்து வழக்கப்படி பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுக்காமல் கலியாணம் இல்லை. மாப்பிள்ளை தன் உடுப்புப் பெட்டியோடு பெண்ணின் வீட்டுக்கு வந்து குடியேறுவான். வாப்பா இல்லாத குடும்பத்தில் அந்த வீட்டைக் கட்டும் பாரம் ஆண் பிள்ளையின் தலையில்தான் விழும். முஸ்தாக் கட்டாரில் ஐந்து வருடம் வெயிலில் வெந்து, ஒரு கணினியோடும் ஒரு மாடி வீட்டுக்கான காசோடும் திரும்பி வந்தான். வீட்டை எழுப்பி உறுதிப் பத்திரத்தை ராத்தா ஸுஹைறாவின் பெயரில் எழுதினான். எழுதிய கையோடு, “மேல்மாடி எனக்கு, ராத்தா. நான் கலியாணம் முடிச்சுப் போறவரைக்கும்” என்று கேட்டு வாங்கிக்கொண்டான்.

அந்த மேல்மாடியில்தான் ‘நிலாக்கரை அனிமேஷன்’ பிறந்தது. சமாதான ஒப்பந்தம் வந்து, பாதைகள் திறந்து, ஆட்கள் பயமில்லாமல் ஊர்விட்டு ஊர் போன காலம் அது. கல்முனைத் தமிழ்ப் பக்கத்திலிருந்து வினோதன் என்ற கெட்டிக்காரன் சைக்கிளில் வேலைக்கு வந்தான். இருவருமாக அட்டாளைச்சேனை அரிசி ஆலை ஒன்றுக்கு முதல் விளம்பரம் செய்தார்கள். வயலில் கிடக்கும் நெல் மூட்டைகள் எழுந்து, கைகால் முளைத்து, வரிசையாக ஆலைக்கு நடந்து போகும். கடைசி மூட்டைக்கு மூச்சு வாங்கும். அது நின்று நெற்றி வியர்வையைத் துடைக்கும் இடத்தில் தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்த சின்னது பெரியது எல்லாம் சிரித்தது. ஒரு மாதத்தில் நிந்தவூரிலிருந்து அக்கரைப்பற்று வரைக்கும் கடைக்காரர்கள் தங்கள் பொருளுக்கும் கைகால் முளைக்க வேண்டும் என்று படியேறி வந்தார்கள்.

கலியாண வீடுகளில் முஸ்தாக் வேறொரு வேடிக்கை செய்தான். பந்தலின் ஓரத்தில் ஒரு பெரிய பச்சைத் துணியைக் கட்டுவான். வருகிற ஆண்கள் ஒவ்வொருவராக அதற்கு முன்னால் நின்று கையை ஆட்டி மாப்பிள்ளைக்கு சலாம் சொல்ல வேண்டும். பிறகு கணினியில் பச்சையை எடுத்துவிட்டு அவர்களைப் பறக்கும் கம்பளத்தில் ஏற்றுவான், நீர்வீழ்ச்சிக்குக் கீழே நிறுத்துவான், நிலாவில் நடக்கவிடுவான். இரண்டரை வருடத்தில் ஊரில் அந்தத் துணிக்கு முன்னால் நிற்காத ஆண்பிள்ளை இல்லை. பெண்கள் பக்கம் தனியாக ஸுஹைறா எடுத்தாள். அந்த நாடாக்களை மறு பிரதி இல்லாமல் அந்தந்த வீட்டிலேயே கொடுத்துவிடுவாள். ஆளைச் சுற்றி ஓரம் வெட்டி எடுக்கிற நுணுக்கமான வேலையை அவளுக்குத் தம்பிதான் காட்டிக் கொடுத்தான். ஒரு தலைமயிரையும் விடாமல் வெட்டுவாள்.

ஷரிபுதீன் இந்தக் கதைக்குள் மாப்பிள்ளையாக வந்தான். நிந்தவூர்க்காரன். ஒரு கமராவும், மூலை தேய்ந்த மண்ணிறப் பெட்டி ஒன்றும் கொண்டு வந்தான். நன்றாகக் கதைப்பான், நன்றாக உடுப்பான். வந்த மூன்றாம் மாதம் மேல்மாடிக்குப் படியேறினான். பிறகு இறங்கவே இல்லை.

கடல் வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸுஹைறா குசினியில் நின்றாள். முதல் தண்ணீர் கடற்கரை வீதி வரைக்கும் வந்து முழங்காலை நனைத்துவிட்டுத் திரும்பிப் போனது. தெருவில் சனம் கத்திக்கொண்டு மேற்கே ஓடியது. மேல்மாடி யன்னலில் நின்ற ஷரிபுதீன் கமராவை எடுத்து முஸ்தாக்கின் கையில் கொடுத்தான். அவன் சொன்னதெல்லாம் படிக்கட்டு வழியாக அவளுக்குத் தெளிவாகக் கேட்டது.

“மச்சான், நீ ஓட்டக்காரன். கடல் உள்ளுக்குப் போய்ரிக்காம். ஓடிப்போய் எடுத்துட்டு வா. டிவிக்காரன் கேக்குற வெலைக்கி வாங்குவான்.”

“நீங்க வரல்லியா, மச்சான்?”

“நான் மேல இருந்து பாத்துக்கிடுறன். நீ போ.”

முஸ்தாக் குசினி வாசலால் ஓடும்போது ராத்தாவைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனான். இரண்டாவது தண்ணீர் கரையில் தென்னை மர உயரத்தில் எழும்பி வந்தது. ஸுஹைறா மேல்மாடிக்கு ஓடியேற, படிக்கட்டின் பாதியோடு நின்றது. மூன்றாம் நாள் பள்ளிவாசல் மதிலுக்குப் பின்னால் அவனை எடுத்தார்கள். கமரா கிடைக்கவில்லை. அடக்கம் செய்த கபுறடியில் நின்றுகொண்டு ‘கமரா கிடைக்கவில்லை’ என்று ஷரிபுதீன் இரண்டு தரம் சொன்னான்.

அதையும் அவள் பொறுத்தாள். எல்லாம் அல்லாஹ் எழுதியது, இவன் என்ன செய்வான் என்று தன்னையே தேற்றிக்கொண்டாள். பொறுத்தது பிழை என்று விளங்க அவளுக்கு ஒரு வருடம் பிடித்தது.

நாற்பதாம் நாள் கத்தம் ஓதி முடிந்த அடுத்த கிழமையே ‘நிலாக்கரை’ பலகை இறங்கி ‘ஷரீப் விஷுவல்ஸ்’ ஏறிவிட்டது. நிவாரணக்காரர்கள் வெள்ளை வாகனங்களில் வந்து குவிந்த நேரம் அது. அவர்களுக்குப் படம் தேவைப்பட்டது. கட்டாத வீட்டுத் திட்டங்களுக்குள்ளே கமரா நடந்து போகும், இல்லாத முற்றத்தில் இல்லாத பூமரம் ஆடும், இல்லாத பிள்ளை ஊஞ்சல் ஆடும். வினோதனின் கை அதையெல்லாம் நிஜம்போலச் செய்தது. ஷரிபுதீனின் வாய் அதை விற்றது. ஒரு கணினி பன்னிரண்டானது, இரண்டு பேர் ஒன்பது பேரானார்கள். நடக்கிற நெல் மூட்டைகளைப் பற்றிக் கொழும்புப் பத்திரிகை ஒன்று கேட்டபோது, அது, தான் தனியாக உட்கார்ந்து யோசித்த யோசனை என்று படத்தோடு பேட்டி கொடுத்தான். ஸுஹைறா அந்தப் பத்திரிகையை மீன் சுத்த எடுத்தாள்.

தங்கள் வீட்டுக் கலியாண நாடாவில் மகன் இருப்பானா, தகப்பன் இருப்பானா என்று அலைக்கு ஆட்களைக் கொடுத்தவர்கள் ஒவ்வொருவராக வந்து கேட்டார்கள். எல்லாவற்றையும் கடல் கொண்டுபோய்விட்டது என்று ஷரிபுதீன் கையை விரித்தான். ஆளாளுக்குத் தேடிக் கொடுக்க அவனுக்கு நேரமில்லை. நாடாக்கள் முழுவதும் மேல்மாடி அலுமாரியில், ஒரு துளி நனையாமல் பெட்டிபெட்டியாக இருந்தன. ஸுஹைறா அதைத் தெரிந்துகொண்டே தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து அவர்களை அனுப்பினாள். பார்த்தால் தாங்கமாட்டார்கள், பார்க்காமல் இருப்பதே நல்லது என்று அவளாகவே ஒரு நியாயம் வைத்திருந்தாள்.

பிறகு ஒரு தேர்தல் வந்தது. ஒரு அரசியல்வாதி தன் கூட்டத்துக்கு வந்த முந்நூறு பேரை மூவாயிரம் பேராக்கித் தரச் சொன்னார். ஷரிபுதீனுக்குப் பச்சைத் துணி ஞாபகம் வந்தது. வெட்டி எடுக்கத் தோதாக, கையை ஆட்டிக்கொண்டு, நூற்றுக்கணக்கான ஆண்கள் அலுமாரியில் தயாராக இருந்தார்கள். அவர்களை நாடாவிலிருந்து எடுத்து, ஆட்டிய கையில் கொடியைச் செருகி, ஒவ்வொருவரையும் பத்துப் பதினைந்து இடத்தில் நட்டான். வேலை முடிந்து ஓடவிட்ட நேரத்தில் ஸுஹைறா தேத்தண்ணியோடு மேலே வந்தாள்.

திரையில் முஸ்தாக் நின்றான். அவளுடைய கலியாணத்துக்கு உடுத்த நீலச் சட்டையோடு, வாயெல்லாம் பல்லாக, கொடியை ஆட்டிக்கொண்டு நின்றான். முன்வரிசையில் நின்றான், மரத்தடியில் நின்றான், மேடைக்குப் பக்கத்தில் மூன்றாக நின்றான்.

“இது முஸ்தாக்.”

“ஓம். நல்லாக் கைய ஆட்டுறான். அதான் நாப்பத்தொரு இடத்துல போட்ட.”

“அவன எடுங்க.”

“பின்னேரத்துக்குள்ள கொழும்புக்கு அனுப்பணும், புள்ள. கூட்டத்துக்குள்ள ஒரு மூஞ்சிய ஆரு பாக்கப்போறா?”

அவள் தேத்தண்ணியை வைத்துவிட்டுக் கீழே வந்தாள். அழவில்லை. இவனை விடுவதில்லை என்று குசினிச் சுவரைப் பார்த்துத் தனக்குத்தானே சொன்னாள். இவனுடைய பலகை, இவனுடைய பன்னிரண்டு கணினி, இவனுடைய வெள்ளைச் சட்டை எல்லாம் இந்த ஊரின் கண்ணுக்கு முன்னால் மண்ணாக வேண்டும். எப்படி என்பது மட்டும் அன்றைக்குத் தெரியவில்லை.

அடுத்த நாள் அவன் இல்லாத நேரத்தில் தம்பியின் படத்துண்டை ஒரு சிடியில் ஏற்றித் தன் துணி அலுமாரிக்குள், முக்காட்டுச் சீலைகளுக்கு அடியில் வைத்தாள். பிறகு கணினியிலிருந்து அவனை அழித்தாள். இனி ஒருவரும் அவன் கையில் கொடி கொடுக்க முடியாது. அன்று பின்னேரம் புருஷனிடம் போய், “இனிமே கூட்டம் போடுறண்டா எனக்குக் காட்டிப் போடுங்க. கடலோட மௌத்தானவங்கள நான் எடுத்துத் தாறன். ஊருக்குள்ள ஆராவது கண்டா ஒங்களுக்குத்தான் வெக்கம்” என்றாள். ஷரிபுதீனுக்கு அது புத்தியான யோசனையாகப் பட்டது. தன் நன்மைக்காகப் பெண்சாதி கவலைப்படுகிறாள் என்று நினைத்தான், பாவம்.

அதுவே வேலைமுறையாகிவிட்டது. ஒவ்வொரு தேர்தலுக்கும் அவன் அலுமாரியில் இன்னும் தொடாத சில நாடாக்களை எடுத்துக் கணினியில் ஏற்றுவான். ஏற்றிய நாடாவில் புதுக் கலியாணம் எடுப்பான். அத்தோடு பழையது போய்விடும். பிறகு ஸுஹைறா உட்கார்ந்து கணினியில் ஏறிய முகங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்பாள். யார் உயிரோடு, யார் கடலோடு என்று அந்த வீட்டில் அவளுக்குத்தான் தெரியும். இருப்பவர்களை விடுவாள். போனவர்களை அழிப்பாள். கடலுக்கு இரண்டு பிள்ளைகளைக் கொடுத்த ஆமினா உம்மாவின் மூத்த மகன் நிஸ்தார் மஞ்சள் சட்டையோடு, ஒரு கையில் பன்னீர்ச் செம்பைத் தூக்கிக் காட்டிச் சிரித்தபடி வந்தான். பிஸ்மி சொல்லி அவனையும் அழித்தாள். ஒரு தாயின் பிள்ளையைக் கொடி பிடிக்காமல் காப்பாற்றிவிட்டதாக அன்றைக்கு மனசுக்கு நிம்மதியாக இருந்தது. மூன்று தேர்தலில் நூற்றுக்கு மேல் ஆட்களை அப்படிக் காப்பாற்றினாள்.

இரண்டாயிரத்து ஒன்பது மே மாதம் யுத்தம் முடிந்தது என்று வானொலி சொன்னது. சந்தியில் பட்டாசு வெடித்தது. வினோதன் மூன்று நாள் வேலைக்கு வரவில்லை. நாலாம் நாள் வந்து கணினியைத் திறந்தான்.

அடுத்த வருடம் வந்த தேர்தலில்தான் ஷரிபுதீனின் பெரிய வேலை கிடைத்தது. வேட்பாளர் ஒருவர் மேல்மாடிக்கே வந்து, சுழல் கதிரையில் உட்கார்ந்து தன் ஆசையைச் சொன்னார். கடலில் பெரிய அலை எழும்ப வேண்டும். அவர் கரையில் நின்று உள்ளங்கையைக் காட்ட வேண்டும். அலை அப்படியே நிற்க வேண்டும். பிறகு கமரா திரும்ப, அவருக்குப் பின்னால் பத்தாயிரம் பேர் கொடியோடு நிற்க வேண்டும்.

“அலையும் போய்ட்டு, யுத்தமும் போய்ட்டு. சனம் என்னோட நிக்கிது. அதான் கருத்து,” என்றார்.

“அருமையான கருத்து, சேர்,” என்றான் ஷரிபுதீன்.

படம் ஊர்த் திடலில், பெரிய திரையில், கடைசிக் கூட்டத்தன்று ஓடும். அது பிடித்துப்போனால் கொழும்பில் ஒரு தொலைக்காட்சியின் முழு வரைகலை வேலையும் ஷரிபுதீனுக்கு வரும். அவன் கணினிகளைக் கொழும்புக்கு ஏற்ற லொறிகூடப் பேசிவிட்டான். அங்கே ஒரு மாடியும் பார்த்துவிட்டான். ஸுஹைறாவும் வருகிறாளா என்று கேட்க மறந்துவிட்டான்.

அலுமாரியில் மிச்சமிருந்த பதினொரு நாடாவும் கணினியில் ஏறின. ஸுஹைறா நான்கு நாள் உட்கார்ந்து பார்த்தாள். ஒரு கொப்பியில் பெயர்களை எழுதினாள். கடலோடு போனவர்கள் இருபத்து மூன்று பேர் இருந்தார்கள். ஆமினா உம்மாவின் சின்ன மகன் ஹில்மி இருந்தான். பள்ளிவாசல் மோதினார் இருந்தார். ஐஸ் கொண்டு வரும் நல்லரெத்தினம் இருந்தார். அவர் வினோதனின் தாய்மாமன்.

எழுதி முடித்தபோது, ஐந்து வருடமாகத் தேடிய வழி தன் கைக்குள்ளேயே இருந்தது அவளுக்கு விளங்கியது. ஒன்றுமே செய்யத் தேவையில்லை. இந்த ஒரு தரம் யாரையும் எடுக்காமல் விட்டால் போதும். கொழும்புக்காரனுக்கு அது வெறும் கூட்டம். இந்த ஊருக்கு அப்படியில்லை. முகம் நன்றாகத் தெரிவதற்காக அந்த இருபத்து மூன்று பேரையும் முன்வரிசைகளுக்குக் கொண்டு வந்தாள். ஒரு தலைமயிரும் விடாமல் ஓரம் வெட்டினாள். அவ்வளவு அழகாக அவள் அதுவரை வேலை செய்ததில்லை.

கடைசிப் பிரதி எடுக்கும்போது வினோதன் திரையைப் பார்த்துவிட்டு அவளைத் திரும்பிப் பார்த்தான்.

“அக்கா, கடலோட போன ஆக்கள் இன்னும் இரிக்காங்களே.”

“ஓம்.”

“மறந்து போனீங்களா?”

“இல்ல, வினோதன். மறக்கல்ல.”

இரண்டாவது வரிசையில் நல்லரெத்தினம் ஐஸ் சுமந்து நனைந்த சாரத்தோடு நின்று கையை ஆட்டினார். வினோதன் குனிந்து மாமனின் முகத்தைப் பார்த்தான். பிறகு எழுந்து போய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்து, வெற்றுச் சிடித் தட்டைக் கணினிக்குள் தள்ளினான்.

பின்னேரம் ஷரிபுதீன் படியேறி வந்து தட்டைக் கையில் எடுத்தான்.

“மௌத்தானவங்க எல்லாரையும் எடுத்தாச்சா?”

“எடுத்த,” என்றாள் ஸுஹைறா. புருஷனிடம் அவள் சொன்ன முதல் பொய் அது. நாக்கில் இனித்தது.

கூட்டத்தன்று மஃரிபு தொழுகை முடிந்த கையோடு திடல் நிறைந்துவிட்டது. கயிறு கட்டிப் பிரித்த ஒரு பக்கத்தில் பெண்கள் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். ஸுஹைறா கடைசிப் பாயில் இருந்தாள். மேடைக்குப் பக்கத்தில் ஷரிபுதீன் புது வெள்ளைச் சட்டையோடு, கைகளைக் கட்டிக்கொண்டு, மாப்பிள்ளைக் கோலத்தில் நின்றான்.

திரையில் கடல் வந்தது. வினோதன் செய்த அலை எழும்பத் தொடங்கியதுமே பெண்கள் பக்கத்தில் ஒரு சலசலப்பு. இரண்டு பேர் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டார்கள். நிஜக் கடல் திடலுக்கு அந்தப் பக்கம், நாலு எட்டில் இரைந்துகொண்டிருந்தது. வேட்பாளர் கையைக் காட்டினார். அலை நின்றது. கூட்டிவந்த ஆட்கள் கை தட்டினார்கள். கமரா திரும்பிக் கொடி பிடித்த சனத்தின் மேல் ஊர்ந்து, முன்வரிசைக்குக் கிட்டப் போனது.

கைதட்டல் பாதியில் நின்றது. யாரோ இருமியது திடல் முழுக்கக் கேட்டது. முதல் பாயிலிருந்து ஆமினா உம்மா எழும்பினாள். கயிற்றைத் தூக்கி அந்தப் பக்கம் நுழைந்து, ஆண்களுக்கு நடுவால் திரையை நோக்கி நடந்தாள். அவளுக்கு வழிவிட்டார்கள்.

“அது என்ட ஹில்மி,” என்றாள். கத்தவில்லை. பக்கத்தில் நிற்கிற ஒருவருக்குச் சொல்வதுபோலத்தான் சொன்னாள்.

“மோதினார் அப்பா,” என்றது ஒரு குரல். “எங்கட காக்கா. அந்தா, மோதினாருக்குப் பின்னால,” என்றது இன்னொன்று. பெயர்கள் அங்கிங்கிருந்து எழும்பின. பெண்கள் பக்கத்துக் கயிறு அறுந்து விழுந்தது. படம் முடிந்து திரை கறுத்ததும் ஆமினா உம்மா படம் ஓட்டும் இயந்திரக்காரனைத் திரும்பிப் பார்த்தாள்.

“நிப்பாட்டாத, மகன். இன்னொருக்காப் போடு.”

நான்கு தரம் போட்டார்கள். நான்காம் தரம் முடிந்த பிறகுதான் திடலுக்குக் கோபம் வந்தது. எங்கட புள்ளட கையில கொடியக் குடுத்த ஆரு என்று ஒருவர் கேட்டார். வேட்பாளர் விரலை நீட்டி ஷரிபுதீனைக் காட்டிவிட்டுப் பின்பக்கமாக வாகனத்தில் ஏறிப் போய்விட்டார். நாடாவெல்லாம் கடல் கொண்டுபோய்ட்டு எண்டீங்களே என்று இன்னொருவர் கேட்டார். யாரும் அவனை அடிக்கவில்லை. ஆமினா உம்மா அவனுக்குக் கிட்டப் போய் முகத்தை நன்றாகப் பார்த்துவிட்டுத் திரும்பினாள். அவனுடைய சட்டை முதுகோடு ஒட்டி நனைந்திருப்பதைக் கடைசிப் பாயிலிருந்து ஸுஹைறா கண்டாள். வயிறு நிறைந்தது.

அதற்குப் பிறகு எல்லாம் மளமளவென்று சரிந்தது. கலியாண வீட்டுக்காரர்கள் கொடுத்த முற்பணத்தைத் திருப்பிக் கேட்காமலே வேறு ஆளைப் பிடித்துக்கொண்டார்கள். பள்ளிவாசல் நிருவாகம் கூப்பிட்டு விசாரித்தது. கொழும்புத் தொலைக்காட்சி தொலைபேசியை எடுப்பதை நிறுத்தியது. ஒன்பது பேரில் வினோதன் கடைசியாகப் போனான். தவணைக்குக் கொடுத்தவர்கள் வந்து கணினிகளை ஏற்றிக்கொண்டு போனார்கள். கொழும்புக்குப் பேசிய அதே லொறி. முஸ்தாக் கட்டாரிலிருந்து கொண்டு வந்த பழைய கணினி ஒன்றுதான் தவணை இல்லாமல் மூலையில் மிஞ்சியது. பலகையை யாரோ கல்லால் அடித்தார்கள். மிச்சத்தை ஸுஹைறாவே ஆள் வைத்துக் கழற்றினாள்.

அன்றைக்குத்தான் ஷரிபுதீன் அவளுக்கு முன்னால் வந்து நின்றான். மூன்று கிழமையாக யோசித்திருக்கிறான்.

“நீதானே எடுத்த எண்டு சென்ன?”

“ஓம். பொய் சென்ன.”

“என்னத்துக்கு, புள்ள?”

“நாப்பத்தொண்டுக்கு.”

அவன் விழித்தான். நாற்பத்தொன்று என்ன என்பது அவனுக்கு ஞாபகம் வரவில்லை. யோசித்துப் பார்த்தும் வரவில்லை. அது அவளுக்கு இருந்த கொஞ்ச நஞ்ச இரக்கத்தையும் துடைத்துவிட்டது.

“இந்த வீட்டுட உறுதி ஆருட பேர்ல இரிக்கி?” என்று கேட்டாள்.

இந்தக் கரையில் பிறந்த ஆண்பிள்ளைக்கு அந்தக் கேள்வியின் அர்த்தத்தை விளக்கத் தேவையில்லை. பெரிய ஆளான அவசரத்தில், தான் ஏறி நின்றது யாருடைய மாடி என்பதை மட்டும் மறந்திருந்தான்.

“ஒங்கட பெட்டி கட்டிலுக்குக் கீழ இரிக்கி. தூசி தட்டி வெச்சிரிக்கன். பின்னேர பஸ்ஸுக்குப் போகலாம்.”

மூலை தேய்ந்த அந்த மண்ணிறப் பெட்டியோடு அவன் நிந்தவூருக்குத் தன் உம்மாவின் வீட்டுக்குப் போனான். பிள்ளை குட்டி இல்லாததால் தெருவில் அவனைத் திரும்பிப் பார்க்க ஆளில்லை. ஸுஹைறா வாசலைக் கூட்டித் தண்ணீர் தெளித்தாள்.

பிறகு ஆட்கள் அவளைத் தேடி வரத் தொடங்கினார்கள். தம்பியின் பழைய கணினியில் படத்தைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொருவருடைய கையிலிருந்தும் கொடியை எடுத்தாள். பின்னால் இருந்த கூட்டத்தை எடுத்தாள். வெறும் ஆளை, கையை ஆட்டிச் சிரிக்கிற ஐந்து வினாடியை, தட்டில் ஏற்றிக் கொடுத்தாள். மோதினார் வீட்டுக்காரர் வந்தார்கள். நல்லரெத்தினத்தின் துண்டை வினோதன் வாங்கிப் போனான். ஒருவரும் அவளைக் குறை சொல்லவில்லை. புருஷனையே வெளியே போட்டவள் என்று மரியாதைதான் கூடியது. முகத்தைத் தூக்கிக்கொண்டு தெருவில் நடந்தாள்.

ஆமினா உம்மா ஒரு நாள் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு படியைப் பிடித்துப் பிடித்து மேலே வந்தாள். ஹில்மி திரையில் வந்தான். கொடி இல்லாத வெறுங்கையை ஆட்டினான். அவள் அதைப் பலதரம் பார்த்தாள். ஒரு தரம் வாய்விட்டுச் சிரித்தாள்.

“பல்லு விழுந்த இடத்த மறைக்கத் தெரியாதவன்,” என்றாள். தட்டை வாங்கிச் சீலைத் தலைப்பில் முடிந்தாள். எழும்பப் போனவள் திரும்பவும் உட்கார்ந்தாள்.

“மூத்தவனக் காட்டு, மகள்.”

ஸுஹைறா சுட்டியிலிருந்து கையை எடுத்தாள்.

“நிஸ்தாரும் அந்தப் பச்சத் துணிக்கு முன்னால நிண்டான். கலந்தர் வீட்டுக் கலியாணத்துல. மஞ்சச் சட்ட. பன்னீர்ச் செம்பத் தூக்கிக்கிட்டு நிண்டான், நான் கண்ட. என்னட்ட அவன்ட ஒரு படமும் இல்ல, மகள். வீட்டோட எல்லாம் போய்ட்டு. அவன் எங்க?”

மஞ்சள் சட்டை, பன்னீர்ச் செம்பு, சிரிப்பு. எந்தத் தேர்தல், எந்த நாள், எந்தக் கதிரையில் உட்கார்ந்து அழித்தாள் என்பதுகூட ஸுஹைறாவுக்கு ஞாபகம் இருந்தது. பிஸ்மி சொன்னது ஞாபகம் இருந்தது. அவனோடு சேர்த்து நூற்றுச் சொச்சம் பேர். அந்த நாடாக்களில் பிறகு வேறு யாரோ கலியாணம் முடித்துவிட்டார்கள். தேடினாலும் கிடைக்காது. நாலு எட்டுத் தள்ளி, துணி அலுமாரியில், முக்காட்டுச் சீலைகளுக்கு அடியில் அவளுடைய தம்பி மட்டும் பத்திரமாக இருந்தான். அன்றைக்கு ஊரான் பிள்ளைகளுக்கும் ஒவ்வொரு சிடி எடுத்து வைத்திருந்தால் என்ன என்று அவளுக்கு இப்போதுதான் தோன்றியது.

“நிஸ்தார்ட துண்டு இல்ல, மாமி. அழிஞ்சு போய்ட்டு.”

“தானா அழிஞ்சதா?”

ஸுஹைறா மேசையில் கிடந்த சிடித் தட்டுகளை அடுக்கத் தொடங்கினாள்.

“ஆரு மகள் அழிச்ச?”

ஐந்து வருடம் அடுக்கி வைத்த பழி வாசலில் வந்து நின்று கையைக் கொடுத்தது. நிந்தவூரில் இருப்பவன் இதற்கும் பொறுப்பேற்கட்டும், அவன் முதுகில் இன்னும் இடமிருக்கிறது.

“அவர்தான், மாமி.”

ஆமினா உம்மா கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தாள். ஹில்மி நின்ற இடத்துக்குப் பக்கத்தில் வெறுமையாகக் கிடந்த இடத்தைப் பார்த்தாள். பிறகு முக்காட்டைச் சரிசெய்துகொண்டு இரண்டு கைகளையும் ஏந்தினாள்.

“யா அல்லா. என்ட புள்ளய ரெண்டாந்தரம் மௌத்தாக்கின அந்தக் கைய நீ பாத்துக்க. அது விளங்காமப் போகட்டும். அது ஒரு சோத்த அள்ளித் திங்காமப் போகட்டும்.”

துஆக் கேட்கும் இடத்தில் கையைத் தூக்காமல் இருக்க முடியாது. ஸுஹைறாவும் இரண்டு கைகளையும் ஏந்தினாள். வலது கையை மட்டும் மடியில் ஒளித்துக்கொள்ள வழி இருக்கவில்லை. ஆமினா உம்மா அவளுடைய வாயைப் பார்த்துக் காத்திருந்தாள்.

“ஆமீன்,” என்றாள் ஸுஹைறா.